சுலபமான கேள்வி வந்தால் அழ வேண்டும்

மெத்தை ஆலையின் பழைய மேலாளர் ஓய்வு பெற்றுப் போனதும் அவருடைய நாற்காலியை ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தார்கள். அந்த உறையைக் கழற்றி உட்காரும் யோக்கியதை ஆலையில் இரண்டு பேருக்குத்தான் உண்டு என்று பேச்சு. ஒருவர், மேற்பார்வையாளராக இருந்த மெத்தையக்கா. ஃபோம் வந்து இறங்குவதிலிருந்து, வெட்டி, உறை தைத்து, மூலை மடித்து, லாரியில் ஏற்றிக் கதவைச் சாத்தும் வரை அவள் கண் படாத வேலை அங்கே கிடையாது. இன்னொருவன் முதலாளியின் அக்கா மகன். அவனுடைய கண் எந்த வேலையிலும் பட்டது கிடையாது. ஆனால் அவன் வணிகப் பள்ளியில் படித்தவன். பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து இருந்தது. விசிட்டிங் கார்டில் அந்த எழுத்துகள் பெயரைவிடப் பெரிதாக அச்சாகியிருந்ததால், ஆலையில் அவனை மூணெழுத்து என்றுதான் சொல்வார்கள்.

வந்த புதிதில் மூணெழுத்து ஒரு காரியம் செய்திருந்தான். ஒரு லாரி மெத்தைக்கு மெத்தென்ற பக்கம் அடியிலும் கெட்டியான பக்கம் மேலேயுமாக உறை போடச் சொல்லிவிட்டான். படுத்தவர்கள் எல்லாரும் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். ஏன் இப்படி என்று மாமா கேட்டதற்கு, "கஸ்டமரை அவங்க எதிர்பார்க்காத இடத்துல சந்திக்கணும் மாமா" என்றான். முதலாளிக்கு அது புரியவில்லை. புரியாததால் மரியாதை வந்துவிட்டது.

ஒரு நாள் முதலாளி அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. அவன்கிட்ட எழுத்து இருக்கு, வேலை தெரியாது. உனக்கு வேலை தெரியும், எழுத்து கிடையாது. அவனுக்கு வேலை கத்துக் குடுக்க என் ஆயுசு பத்தாது. நீ எழுத்தை வாங்கிட்டு வந்துரு. சாயங்கால வகுப்புல ஒரு சீட்டு வாங்கு, நாற்காலி உனக்கு. இந்த வருஷம் கிடைக்கலன்னா எங்கக்கா வாயை என்னால மூட முடியாது. அவன்தான் உக்காருவான். நீ அவனுக்குக் கீழ இருக்க வேண்டியதுதான்."

மூணெழுத்துக்குக் கீழே வேலை பார்ப்பது என்று நினைத்த மாத்திரத்தில் அக்கா விண்ணப்பத் தாளைத் தேடிப் போனாள். நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டினாள், எழுதினாள். மொழிப் பகுதியில் வெளுத்து வாங்கிவிட்டாள். கணக்கு அவளை வெளுத்து வாங்கிவிட்டது. நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் அவளுக்குக் கீழே பதினொரு பேர் நிற்பார்கள் என்று முடிவு வந்தது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வாழ்க்கையில் ஏற்ற இறக்கத்தைத் தினமும் எண்ணெய் போட்டுப் பார்ப்பவன்.

"விடு. கீழ பதினோரு பேர் இருக்காங்கல்ல, அவங்க வீட்ல இப்ப என்ன நிலைமையோ" என்றான்.

"மேல எண்பத்தெட்டு பேர் இருக்காங்களே!"

"மேல இருக்கிறவங்களை ஏன் பார்க்குற? நான் லிஃப்டுக்கு அடியில படுத்திருக்கும்போது மேல பார்க்கவே மாட்டேன்."

இந்த ஆறுதலைப் பெற்றுக்கொண்டு, மறுமுயற்சி செய்பவர்களுக்கென்றே நடக்கும் ஒரு பயிற்சி மையத்தில் போய்ச் சேர்ந்தாள்.

மையம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வாசலில் 'இங்கு கணக்கு சொல்லித் தரப்படமாட்டாது' என்று ஒரு பலகை. அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டு அக்கா உள்ளே போனாள். தலைமைப் பயிற்சியாளர் மெலிந்த, சுறுசுறுப்பான மனிதர். கழுத்தில் நிறுத்தக் கடிகாரம் தொங்கியது. அக்கா பேசத் தொடங்கியதும் அதை அமுக்கினார். பேசி முடித்ததும் மறுபடி அமுக்கினார்.

"உங்க பிரச்சினையைச் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கிறீங்க. சரி, இந்தப் பத்துக் கணக்கைச் செய்யுங்க. உங்க வியாதி என்ன வகைன்னு பார்ப்போம்."

அக்கா உட்கார்ந்து செய்தாள். அவர் தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"பலவீனம் மூணு வகை. பய வகை, அவசர வகை, நேர்மை வகை. பயத்துக்கு மருந்து இருக்கு. அவசரத்துக்குப் பத்தியம் இருக்கு. உங்களுக்கு நேர்மை வகை."

"அப்படின்னா சார்?"

"விடை இதுதான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா எழுதுறீங்க. இது முத்திப்போன கேஸ். குணமாக நாள் ஆகும்."

மருத்துவர் முன்னால் நாக்கை நீட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவரைப் போல அக்கா தலையாட்டினாள்.

மறுநாள் வகுப்பு தொடங்கியது. எல்லாரும் எழுந்து நின்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். "நான் கணக்கைப் போட மாட்டேன். பிறர் போடுவதைப் பார்த்தாலும் தடுப்பேன்." அக்காவின் பக்கத்தில் ஒரு கால்நடை மருத்துவர் நின்றார். அவர் மூன்றாவது முறையாகத் தேர்வு எழுத வந்தவர். உறுதிமொழியைக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார்.

முதல் பாடத்துக்கே அக்கா மாட்டிக்கொண்டாள். பலகையில் ஒரு கேள்வி இருந்தது. ஒரு பெண்ணின் வயது என்ன? தகவல் ஒன்று: அவள் கணவனைவிட மூன்று வயது இளையவள். தகவல் இரண்டு: கணவனுக்கு நாற்பது.

"முப்பத்தேழு" என்றாள் அக்கா.

வகுப்பில் சலசலப்பு. பயிற்சியாளர் கடிகாரத்தை அமுக்கினார்.

"வயசை யாரு கேட்டா?"

"கேள்வியே அதுதானே சார்?"

"கேள்வி அதுதான். ஆனா கேக்குறது அது இல்ல. வயசைச் சொல்ல இந்தத் தகவல் போதுமா, போதாதா? அவ்வளவுதான் கேக்குறாங்க. போதும்னு தெரிஞ்ச அடுத்த நொடி நீங்க அடுத்த கேள்விக்குப் போயிருக்கணும். நீங்க உக்காந்து அந்தம்மாவோட வயசு வரைக்கும் போயிட்டீங்க. அடுத்தவங்க வயசு நமக்கு எதுக்கு?"

அக்கா வெட்கப்பட்டாள். பயிற்சியாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வகுப்பைப் பார்த்துப் பேசினார். அவருக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான் என்பது முகத்தில் தெரிந்தது.

"நிர்வாகின்னா யாரு? விடையைக் கண்டுபிடிக்கிறவரா? அதுக்குத்தான் கீழ ஆள் வெச்சிருக்கோமே. விடையைக் கண்டுபிடிக்க முடியும்னு சொல்லிட்டு எழுந்து போறவர்தான் நிர்வாகி. இந்தத் தேர்வு உங்களை அதுக்குத் தயார் பண்ணுது. நான் இதைப் பதினாலு தடவை எழுதியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிட மேல. ஏன் இன்னும் எந்தப் பள்ளியிலயும் சேரலன்னு கேக்குறீங்களா? சேர்ந்துட்டா அப்புறம் எழுத விடமாட்டாங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். கால்நடை மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. இந்தத் தேர்வு கணினியில் நடப்பது. நாம் சரியாகச் செய்தால் அடுத்த கேள்வியைக் கடினமாக்கும். தவறாகச் செய்தால் இரக்கப்பட்டுச் சுலபமாக்கும். ஆகவே நாம் நன்றாகச் செய்கிறோமா என்பதை அறிய ஒரே வழி, கேள்வி எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று பார்ப்பது.

"கேள்வி ஒண்ணுமே புரியலன்னா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"சிரிக்கணும்!" என்றது வகுப்பு.

"பார்த்தவுடனே புரிஞ்சிருச்சுன்னா?"

"அழணும்!"

தினமும் கால்மணி நேரம் இதற்குப் பயிற்சி. புரியாத கேள்வியைத் திரையில் போட்டு எல்லாரையும் சிரிக்க வைப்பார். புரிகிற கேள்வியைப் போட்டுக் கலங்க வைப்பார். கால்நடை மருத்துவருக்கு இது உடனே பிடிபட்டது. அக்காவுக்கும் கொஞ்ச நாளில் வந்துவிட்டது. நன்றாகவே வந்துவிட்டது.

வீட்டில்தான் முதலில் கவனித்தார்கள். ஒரு நாள் வேலை முடிந்து வந்த கணவன், "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"குடுத்த தகவல் போதாது."

"என்ன தகவல்?"

"நான் சமைச்சேனான்னு தகவல் இல்ல. நேத்து மிச்சம் இருக்கான்னு தகவல் இல்ல. ரெண்டும் சேர்ந்தா சொல்ல முடியும்."

"முடியும்ல? சொல்லு."

"முடியும்னு சொல்லிட்டேன்ல, அதோட சரி" என்று அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவன் தானே போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தான். போதவில்லை.

ஆலையில் நிலைமை இன்னும் மோசம். எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் அக்கா பேயறைந்த மாதிரி இருப்பாள். தையல் இயந்திரம் மெத்தை ஓரத்துப் பட்டையைக் கடித்துத் துப்பி நின்றுபோனால் முகம் மலர்ந்துவிடும். ஒரு முறை பசை டிரம் கவிழ்ந்து, ஏற்றுமதிக்கு வைத்திருந்த மெத்தைகளெல்லாம் தரையோடு ஒட்டிக்கொண்டன. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து தையல்காரர்கள் அவளிடம் எதையும் நேராகச் சொல்வதில்லை. ஆனால் முதலாளி இதைக் கவனித்துவிட்டு, "படிப்பு ஏற ஆரம்பிச்சிருச்சு" என்று மகிழ்ந்தார்.

தேர்வு நாள் வந்தது. தேர்வுக்கூடத்து வாசலில் அக்காவின் பையை வாங்கிவைத்தார்கள். பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடிக்குள் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரியவில்லை, அவளுக்கும் கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கை ரேகையை ஒரு பெட்டி படம் பிடித்தது. கைக்குட்டையை விரித்து உதறிவிட்டு, "ஜலதோஷம் பிடிச்சிருக்கா?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப இது எதுக்கு?"

"அழறதுக்கு" என்று அக்கா உண்மையைச் சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

எல்லாரும் உட்கார்ந்ததும் கண்காணிப்பாளர் பேசினார். நேர்த்தியாகச் சட்டை போட்ட மனிதர். தேர்வு எழுதுகிறவர்களைத் தவிர மற்றபடி தேர்வு மிகவும் ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறவர்.

"தேர்வு நேரத்துல பேசக் கூடாது. திரும்பக் கூடாது. உதட்டை அசைக்கக் கூடாது. விரல் விட்டு எண்றதா இருந்தா விரல் மேசைக்குக் கீழ இருக்கணும். போன தடவை ஒருத்தர் எண்ணினதைப் பார்த்து இன்னொருத்தர் எழுதிட்டாரு. ரெண்டு பேருமே தப்பு. ஆனாலும் விதி விதிதான். நாங்க உங்களை நம்புறோம். நம்பிக்கை வீண் போகக் கூடாதுன்னுதான் தலைக்கு மேல ஆளுக்கொரு கேமரா வெச்சிருக்கோம்."

கூடத்தில் பாதிக்கு மேல் அதே பயிற்சி மையத்து ஆட்கள். கணக்குப் பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் கால்நடை மருத்துவர் கலகலவென்று சிரித்தார். அவருக்குப் புரியாத கேள்வி வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும், அவரைவிடச் சுலபமான கேள்வியோடு உட்கார்ந்திருந்த ஒரு வங்கிக் காசாளர் விசும்பத் தொடங்கினார். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் அழுதார்கள். இரண்டு பேர், அழுகிறவர்களைவிட நாம் மேல் என்று தெரிந்து சிரித்தார்கள். கண்காணிப்பாளர் ஓடிவந்தார்.

"சிரிப்புங்கிறது தகவல் பரிமாற்றம்! அழுகையும் அப்படித்தான்! உணர்ச்சியெல்லாம் வாசல்ல பையோட வெச்சிட்டு வந்திருக்கணும்!"

அக்கா இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அவளுக்கு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆறாவது கேள்வி தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மேசைக்கடியில் சிரித்துக்கொண்டாள். ஏழாவது அதைவிட மோசம். நாற்காலி நம்முடையதுதான் என்று நினைத்தபடி எட்டாவதைத் திறந்தாள்.

ஒரு கூடையில் பன்னிரண்டு ஆரஞ்சுப் பழங்கள். பாதி எத்தனை?

அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடி படித்தாள். பன்னிரண்டுதான். பாதிதான். இதைவிடச் சுலபமாக ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் பெயரைத்தான் கேட்க வேண்டும். தான் அதலபாதாளத்துக்குப் போய்விட்டோம், கணினியே தன்னைக் கைகழுவிவிட்டது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூணெழுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தன்னைப் பார்த்து, 'அக்கா, கஸ்டமரை எதிர்பார்க்காத இடத்துல சந்திச்சீங்களா?' என்று கேட்பது கண் முன்னால் ஓடியது. கைக்குட்டையை எடுத்தாள். கேமரா பார்க்கிறதே என்று மறுபடி வைத்தாள்.

அழுகை முண்டிக்கொண்டு வந்தது. அது நின்றதும் ஒரு வகையான நிம்மதி வந்தது. எல்லாம் போயிற்று. இனி யாருக்குப் பயந்து என்ன? முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? கணக்குப் போட்டுப் பார்க்கவென்று கொடுத்திருந்த எழுதுபலகையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பேனா மூடியைக் கழற்றினாள். உறுதிமொழி எடுத்த அதே வலது கையால், பன்னிரண்டை இரண்டால் வகுத்து ஆறு என்று எழுதினாள். அடுத்ததையும் போட்டாள். அதற்கடுத்ததையும். ரயில் எப்போது வந்து சேரும், தொட்டி எப்போது நிரம்பும், இரண்டு பெயிண்டர்கள் சேர்ந்தால் சுவர் எப்போது முடியும் என்று ஒவ்வொன்றாக, விடை கிடைக்கும் வரை, வெட்கமே இல்லாமல் கணக்குப் போட்டாள். சிலது வரவில்லை. வராததை வரவில்லை என்று விட்டுவிட்டு, வந்ததை ஒரு தடவை சரி பார்த்தாள். ஒரு கேள்வியில் அந்தம்மாவின் வயதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டாள்.

முடிவு வந்தபோது அவளுக்குக் கீழே எண்பத்திரண்டு பேர் நின்றார்கள்.

பயிற்சி மையத்தின் மாடியில் அவள் படம் ஏறியது. மருந்துக்கடையின் பெயர்ப்பலகை தெரியாத அளவுக்குப் பெரிய படம். 'பதினொன்றிலிருந்து எண்பத்திரண்டு! கணக்கே போடாமல்!' என்று அடியில் எழுதியிருந்தது. அக்கா நேரே மேலே போனாள்.

"சார், தப்பா போட்டிருக்கீங்க. நான் கணக்கைப் போட்டேன்."

பயிற்சியாளர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எத்தனை?"

"எட்டாவதுலேருந்து எல்லாத்தையும். நடுவுல ஒரு ஆரஞ்சுப் பழக் கேள்வி வந்துச்சு, மனசு விட்டுப்போச்சு..."

"ஐயோ, அது மதிப்பெண்ணுல சேராத கேள்விங்க! புதுக் கேள்வி சரியா வேலை செய்யுதான்னு நடுவுல ஒண்ணு ரெண்டு வெச்சுப் பார்ப்பாங்க. அதைப் பார்த்தா பயந்தீங்க?"

"அழணும்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

அவர் கழுத்துக் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மேடம், உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். வெளியில சொல்லிடாதீங்க. கணக்குப் போட்டா கணக்கு வரும்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, அவங்கவங்க வீட்லயே உக்காந்து போட்டுக்குவாங்க. என் பிழைப்பு என்ன ஆகும்?"

பாவமாக இருந்தது. அக்கா படத்தை எடுக்கச் சொல்லாமலே இறங்கி வந்தாள்.

ஆனால் சங்கடம் அதோடு விடவில்லை. வணிகப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. நேர்காணலுக்கு என்று நினைத்துப் போனால், அது 'அசாதாரண முன்னேற்ற ஆய்வுக் குழு' என்றார்கள். ஏறக்குறைய ஓட்டப்பந்தய மைதானம் அளவுக்கு மேசை. அந்தக் கடைசியில் சேர்க்கை இயக்குநர் என்ற அம்மையாரும், குறிப்பெடுக்க ஒரு பேராசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கடைசியில் அக்கா.

"முன்னேற்றத்தை நாங்க ரொம்ப வரவேற்கிறோம்" என்றார் இயக்குநர். "ஆனா அளவுக்கு மேல முன்னேறினா விசாரிக்க வேண்டியிருக்கு. நீங்க தப்பா நினைக்கக் கூடாது. தனிப்பட்ட முறையில நீங்க யாருன்னு எங்களுக்கு அக்கறையே கிடையாது. எங்களைப் பொறுத்தவரைக்கும் நீங்க ஒரு சராசரி. உங்க பழைய மதிப்பெண் எங்க வகுப்புச் சராசரியை இறக்கும். புதுசு ஏத்தும். சராசரி ஏறினா தரவரிசையில நாங்க ஏறுவோம். அதுக்காகத்தானே இவ்வளவு பேரும் உழைக்கிறோம்."

"படிப்புல கணக்கு நிறைய வருங்களா மேடம்?" என்று அக்கா பயந்துகொண்டே கேட்டாள்.

"படிப்புல எங்க வருது? அதுக்கெல்லாம் கணினி இருக்கு. கணக்கு உள்ள வர்றதுக்கு மட்டும்தான். சரி, சொல்லுங்க. இந்த முன்னேற்றத்துக்கு என்ன காரணம்?"

"கணக்கைப் போட்டேன் மேடம்."

பேராசிரியரின் பேனா நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை ஒரு காரணமா எழுத முடியாதே" என்றார் இயக்குநர் வருத்தத்துடன். "வேற ஏதாவது? என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, நாங்க பார்த்துக்கிறோம்."

"ஒரு சுலபமான கேள்வி வந்துச்சு. அழுதேன்."

"உணர்வுசார் நுண்ணறிவு" என்றார் இயக்குநர். பேராசிரியர் எழுதினார்.

"எல்லாம் போச்சுன்னு விட்டுட்டேன்."

"இடர் ஏற்கும் துணிவு."

"கையில பேனா இருந்துச்சு."

"கிடைத்த வளங்களை முழுமையாகப் பயன்படுத்தல்."

"வேற வழி தெரியல மேடம், சத்தியமா."

"மாற்று உத்திகளைப் பரிசீலித்து நிராகரித்தல்" என்று சொல்லி இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குக் கண் பனித்திருந்தது. "இவ்வளவு தெளிவா ஒரு தலைமைப் பண்பை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. முதல்ல ஏன் கணக்கு அது இதுன்னு குழப்பினீங்க?"

சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. அன்றைக்கே முதலாளி நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைத் தன் கையால் உருவினார். வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குப் பிறகு உட்காருகிறேன் என்றாள் அக்கா. அவர் கேட்கவில்லை.

"உன்னால முடியும்னு தெரிஞ்சிருச்சு. முடிச்சுத்தான் காட்டணுமா? உக்காரும்மா."

பயிற்சியாளர் சொன்னதைத்தான் முதலாளியும் சொன்னார். அக்காவுக்கு அப்போதுதான் அந்தப் பாடத்தின் மேல் முழு நம்பிக்கை வந்தது. உட்கார்ந்தாள்.

அவளுக்கு உதவி மேலாளராக மூணெழுத்து வந்து சேர்ந்தான். முதல் வாரத்தில் மேலாளர் வேலை எவ்வளவு லேசானது என்று அக்கா வியந்தாள். யாராவது ஒரு பிரச்சினையோடு வருவார்கள். 'தீர்க்க முடியும்' என்பாள். அவர்கள் போய்விடுவார்கள். வருகிற கேள்வியெல்லாம் சுலபமாக இருந்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் கலக்கம்தான். ஆனாலும் சமாளித்துக்கொண்டாள். ஒரு நாள் மூணெழுத்து ஒரு தாளோடு வந்தான். ஒரு ஓட்டலுக்கு அனுப்ப வேண்டிய மெத்தைகள். மூன்றடி அகலத்தில் ஒற்றைக் கட்டிலுக்குப் பாதி, ஆறடி அகலத்தில் இரட்டைக் கட்டிலுக்குப் பாதி.

"அக்கா, இருக்கிற ஃபோம் இந்த ஆர்டருக்குப் போதுமா?"

அக்கா மொத்தத்தைப் பார்த்தாள். "போதும்."

"அப்ப கையெழுத்துப் போடுங்க, வெட்டச் சொல்லிடுறேன்."

போட்டாள். எப்படி வெட்டப் போகிறான் என்று கேட்கவில்லை. கேள்வி அது இல்லையே.

மூன்றாம் நாள் காலை முதலாளி அலறிக்கொண்டு வந்தார். "அம்மா, வந்து பாரு இந்தக் கூத்தை!"

வெட்டும் கூடத்தில் ஃபோம் அடுக்கடுக்காக மலை மாதிரி நின்றது. மாதிரிக்குப் போட்டிருந்த ஒற்றைக் கட்டிலில் ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் வெளியே நாக்கு மாதிரி தொங்கியது. இரட்டைக் கட்டிலில் ஒன்று. கட்டிலில் கால்வாசி மொட்டையாகக் கிடந்தது. எல்லாம் நாலரை அடி.

"சராசரி எடுத்தேன் மாமா" என்றான் மூணெழுத்து, கொஞ்சமும் அசராமல். "மூணும் ஆறும் ஒன்பது, ரெண்டால வகுத்தா நாலரை. ரெண்டு அளவு வெட்டுறதுக்குப் பதிலா ஒரே அளவு. பாதி நேரம் மிச்சம். அக்கா கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அக்கா மலையைப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். பழக்கதோஷம்.

"சிரிக்கிற?" என்றார் முதலாளி. "நாளன்னிக்கு லாரி வருது. வேற ஃபோமும் கிடையாது. இதைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"முடியும் சார்" என்று சொல்லிவிட்டு அக்கா வாசலை நோக்கி நடந்தாள்.

"எப்படி?"

அக்காவின் கால் நின்றுவிட்டது. எப்படி என்று இந்த ஆறு மாதமாக அவளை யாருமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெட்டுகிறவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வருடமாகப் பார்த்த முகங்கள். ஒரு தாளைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அவர்கள் இரண்டு நாள் வேலையைக் குப்பையாக்கியவள் தான்தான் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. மூணெழுத்துகூடத் தப்போ சரியோ ஒரு கணக்கைப் போட்டிருக்கிறான். அவள் அதுவும் செய்யவில்லை.

மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு போய், ஒரு ஃபோமின் மேலேயே கணக்குப் போட்டாள். முதல் தடவை கூட்டலில் தப்பு வந்தது. அடித்துவிட்டு மறுபடி போட்டாள். நாலரையில் மூன்று போனால் ஒன்றரை. நாலரையும் ஒன்றரையும் ஆறு. இன்னொரு தடவை சரி பார்த்தாள். ஆறுதான்.

"இங்க பாருங்க. ஒண்ணுலேருந்து ஒன்றரை அடியை வெட்டி எடுங்க, அது ஒற்றைக் கட்டிலுக்கு ஆச்சு. வெட்டின துண்டைப் பக்கத்துல இருக்கிறதோட பசை போட்டு ஒட்டுங்க, அது இரட்டைக் கட்டிலுக்கு ஆச்சு. ரெண்டு அளவும் சமமா கேட்டிருக்காங்க, அதனால ஜோடி ஜோடியா சரியா வந்துரும். ஒட்டுப் போட்டதுன்னு ஓட்டல்காரங்ககிட்ட நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும்."

"சொல்லித்தான் ஆகணுமா?" என்றார் முதலாளி. "உறைக்குள்ள ஒட்டு எங்க தெரியப் போகுது?"

"சொல்லித்தான் ஆகணும் சார்."

நேர்மை வகை. முத்திப்போன கேஸ் என்று பயிற்சியாளர் சும்மாவா சொன்னார்!

ஓட்டல்காரர் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சம்மதித்தார். கத்திகள் மறுபடி ஓடின. பசை வாசம் கூடம் முழுக்க எழுந்தது. "பார்த்தீங்களா, என் சராசரி சரியாத்தான் வந்திருக்கு" என்று மூணெழுத்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனான். முதலாளி முதல் இரட்டை மெத்தையில் ஏறிப் படுத்து, ஒட்டு தெரிகிறதா என்று புரண்டு பார்த்தார். தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"கணக்கைப் போட்டேன் சார்."

அவர் முகம் லேசாக விழுந்தது. "அது சரி. ஆனா அந்தப் படிப்புல இதுக்கு என்னமோ பேர் வெச்சிருப்பாங்களே?"

"வகுப்பே இன்னும் ஆரம்பிக்கல சார்."

"பார்த்தியா!" என்று முதலாளி மெத்தையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "ஆரம்பிக்காமலே இவ்வளவு செய்யுதுன்னா, என்ன படிப்பும்மா அது!"

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த ஃபோமில் மூன்றடியை அளந்து கோடு போட்டாள்.